ஊதாக் கரை போட்ட வலைப்பக்கம்

“இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் இயங்காது.” இந்த வரியை எழுதினவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரே ஒரு நாள், விடியற்காலையில் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் அவனை எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, எங்கள் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைப்பேன். கும்மிடிப்பூண்டி வந்து சேர்கிற வரைக்கும் அவளே கேட்டுக்கொள்வாள். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் காலனியில் நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவள் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நானும் அதே கம்பெனிதான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ‘தரப் பரிசோதனை’ என்று போர்டு மாட்டின ரூமில் உட்கார்ந்து, எத்தனை ஒயர் தேறியது, எத்தனை தேறவில்லை என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்தக் கோபம் தனி.

எங்கள் பஸ்ஸில் ‘மாத்து’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பஸ்ஸில் பாதிப் பேர் எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் அவர்கள் எங்கள் ஷிப்டைப் பார்ப்பார்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற வாரம் நாங்கள் அவர்களுடையதைப் பார்ப்போம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாற்றிக்கொள்கிற ரெண்டு பேரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள், சூப்பர்வைசர் டிக் அடிப்பார், முடிந்தது. தாள் கிழிந்தாலோ மழையில் நனைந்தாலோதான் பேஜாரு. “நான் போட்டேன்”, “நீ போடல” என்று திருவள்ளூர் வருகிற வரைக்கும் சண்டை நடக்கும்.

போன வருஷம் அந்தச் சண்டை தாங்காமல்தான் நான் ஒரு வலைப்பக்கம் செய்தேன். மூன்று வாரம், பஸ்ஸில் உட்கார்ந்தே. ஆப் இல்லை, வெறும் பக்கம். ஒரு லிங்க். தொட்டால் திறக்கும். உங்கள் நம்பர், எந்த நாள், எந்த ஷிப்டு, யாரோடு என்று போட்டால் எதிராளிக்குப் போகும், அவள் சரி என்றால் சூப்பர்வைசருக்குப் போகும். பெரியபாளையம் தாண்டி டவர் போய்விடுமே, அதற்கும் வழி வைத்திருந்தேன். டவர் இல்லாவிட்டாலும் பக்கம் திறக்கும், போட்டதைப் பிடித்து வைத்துக்கொண்டு, டவர் வந்ததும் தானே அனுப்பிவிடும். இதெல்லாம் பிரவுசரிலேயே முடியும் என்று சொன்னால் எங்கள் ரூமில் பெரிய டிகிரிக்காரர்களே நம்பவில்லை. பிரவுசரை அவர்கள் எல்லோரும் ரிசல்ட் பார்க்கிற ஜன்னலாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அது அப்படியில்லை. காலேஜ் லேபில் எந்தப் பக்கம் பிடித்திருந்தாலும் ரைட் கிளிக் பண்ணி உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் எல்லாம். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. நான் செய்த பக்கத்தைப் போடவும் எந்த ஆப் கடைக்காரனிடமும் கை கட்டி நிற்கவில்லை. காலையில் ஒரு தப்பைத் திருத்தினால் மத்தியானம் எல்லோர் போனிலும் திருந்தியிருக்கும். இதைவிட மரியாதையான ஒரு விஷயத்தை நான் கம்ப்யூட்டரில் பார்த்ததில்லை.

அழகுக்காக ஒன்று செய்தேன். பக்கத்தைச் சுற்றி ஒரு கரை வைத்தேன், புடவைக்கு இருக்கிற மாதிரி. ஆடி வந்தால் அது தானே மஞ்சளாகும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும், தவக்காலத்துக்கு, ஊதா. “சூப்பர்டி, பொங்கலுக்குக் கரும்பு வெப்பியா?” என்று பின்சீட்டில் கேட்டார்கள். வைக்கலாம் என்றேன். அப்போது எதைக் கேட்டாலும் செய்துவிடலாம் என்று இருந்தது.

அக்காவின் போனுக்கு ஆறு ஏழு வயசிருக்கும். கண்ணாடி உடைந்து, மேலே செல்லோ டேப் ஒட்டியிருப்பாள். அதிலும் என் பக்கம் திறந்தது. அவளுக்குத்தான் மாத்து அதிகம் தேவைப்பட்டது. பன்னிரண்டாவதில் மூன்று பாடத்தைக் கோட்டைவிட்டுக் கல்யாணம் ஆகிப் போனவள், இப்போது முப்பத்தைந்து வயதில் தனித்தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தாள். பன்னிரண்டாவது பாஸ் என்றால் லைன் லீடர் ஆகலாம். இல்லையென்றால் கை ஓய்கிற வரைக்கும் ஒயர்தான் கட்ட வேண்டும். இங்கிலீஷ், பொருளியல், வரலாறு. மூன்று பரீட்சை, மூன்று காலை, திருவள்ளூரில். அந்த மூன்று நாளும் காலை ஷிப்டைக் கொடுத்துவிட்டு ராத்திரி ஷிப்டை வாங்கவேண்டும். சொல்லாமல் ரெண்டு ஷிப்டுக்கு வராவிட்டால் காண்ட்ராக்டர் பேரை எடுத்துவிடுவார். ஆக மூன்று மாத்தும் நடந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

ஹெச்.ஆர். சார் கூப்பிட்டார். பக்கத்தைப் பார்த்தார். “சூப்பர்மா. இதையே புரொஃபஷனலா ஒரு ஆப்பா பண்ணிடலாம். ஆப் செஞ்சு குடுக்கிற வெண்டர் இருக்காங்க, நீ அவங்களுக்கு எல்லாத்தையும் காட்டிடு” என்றார். கம்பெனி போர்டில் என் போட்டோ போடுவார்கள் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸிலும் அதுவரை, “லிங்க்கா? ஆப் இல்லியா? ஆப்னாதானே கெத்து” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதின எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? என் பக்கத்தை மூடி, அதன் மேல் நானே, என் கையாலேயே எழுதினேன்: “இனி ஆப்பில் மட்டும்.” போட்டோ போட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதன்மேல் தீயணைப்புப் பயிற்சி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பொங்கல் முடிந்து ஆப் வந்தது. ஒரு போனுக்கு ஒரு ஆள், ஒருத்தி நம்பரை வேறு போனில் போட முடியாது. கேட்டில் அட்டையைக் காட்டினால் ஆப்பில் இருக்கிற ஷிப்டு என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அக்கா பஸ்ஸில் உட்கார்ந்து ஆப்பை இறக்கப் பார்த்தாள். அந்த வரி வந்தது.

“சாதனம்னா இன்னாடி?”

“போனுக்கா.”

“போன்னே எழுத வேண்டிதானே. ஏன் இயங்காதாம்?”

“பழைய போன். புதுசு கேக்குது.”

“உன்னுது இதுலதானே ஓடிச்சி?”

பின்சீட்டில் ஒருத்தி, “ஆப்பு பெரிய எடத்துப் பொண்ணுக்கா, ஒடைஞ்ச ஊட்டுக்கு வாக்கப்படாது” என்றாள். பஸ் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பரீட்சைக்கு அப்போது ஒரு மாசம் சொச்சம் இருந்தது.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் ஆப்பைத் திறந்து, “ஏய், உன் கரை!” என்றாள். ஆப்பைச் சுற்றி ஊதா. சாம்பல் புதனுக்கு ஊதாவாக மாறுகிற ஆப்பை எந்த வெண்டர் எழுதுவான்? அது என் பக்கம். அப்படியே என் பக்கம். என் போனை லேப்டாப்பில் செருகி உள்ளே பார்த்தேன். ஆப் என்று ஒரு மண்ணும் இல்லை. ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு பிரவுசர், பிரவுசருக்குள் நான் எழுதினது. புதுசாக அவர்கள் போட்டது மேலே ஒரு லோகோ, கீழே ஒரு வாசல். அந்த வாசல்தான் அக்காவின் போனை உள்ளே விடமாட்டேன் என்கிறது. வீட்டுக்குள் எல்லாம் அவள் போனில் ஏற்கெனவே ஓடின சாமான்.

அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. திருடினார்கள் என்பதற்காக இல்லை, நான்தானே கொடுத்தேன். எல்லோரும் போகிற ரோட்டைச் சுற்றி ஒரு வேலி போட்டு, அதை ‘முன்னேற்றம்’ என்று விற்கிறார்களே, அதற்காக. போன் செய்கிறவனுக்குப் புதுப் போன் விற்க வேண்டும், கடை வைத்திருக்கிறவனுக்கு எல்லோரும் அவன் கடை வழியாகவே வர வேண்டும், கம்பெனிக்கு ‘எங்களிடம் ஆப் இருக்கிறது’ என்று ஸ்லைடில் போட வேண்டும். நடுவில் ஒரு லிங்க் யாருக்கும் லாபமில்லாத அனாதை. வலை செத்துவிட்டது, எதிர்காலம் ஆப்தான் என்று என் வயசுப் பசங்களே பேசுகிறார்கள். செத்தது எப்படிடா உங்கள் டப்பாவுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது?

டப்பாவுக்குள் இருந்த முகவரியை அக்காவின் பிரவுசரில் அடித்தேன். திறந்தது. செல்லோ டேப்புக்கு அடியில் ஊதாக் கரை. அவள் தன் நம்பரைப் போட்டு, இங்கிலீஷ் பரீட்சை நாளுக்கு மாத்து கேட்டாள். எதிராளி பொதட்டூர்பேட்டைக்காரி, கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவள். பத்து நிமிஷத்தில் சரி என்றாள். பச்சை. பொருளியலும் அப்படியே போனது. வரலாறு நாளுக்கு ஷிப்டு லிஸ்ட் இன்னும் வரவில்லை.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் எதையும் வைத்துக்கொண்டிருக்க முடியாதே. பஸ் குரூப்பில் லிங்க்கைப் போட்டு, “பழைய போன் உள்ள எல்லாரும் இதிலேயே போடலாம்” என்று எழுதினேன். ரெண்டே நாளில் பஸ்ஸில் பாதி அந்த வழியில் வந்தது. மூன்றாம் நாள் லிங்க்கைத் தொட்டால், “ஆப்பில் திறக்கவும்.” வரலாறு பாக்கி.

ஹெச்.ஆர். ரூமுக்குப் போனேன்.

“அது செக்யூரிட்டிக்காகம்மா.”

“ஆப்புக்குள்ள இருக்கிறதே என் பக்கம்தான் சார். ரெண்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. அவங்கவங்க நம்பர் போட்டுத்தானே வர்றாங்க?”

“ஓப்பனா இருந்தா யார் வேணா வருவாங்களே.”

“யார் வேணா வரணும்னுதான் சார் அதைச் செஞ்சேன்.”

“அந்த அம்மாவை ஒரு போன் வாங்கிக்கச் சொல்லேன். இப்ப யார்கிட்ட நல்ல போன் இல்ல?”

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தினது கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பழையபடி ஒரு தாளை ஒட்டினோம். அக்கா கையெழுத்துப் போட்டாள். பஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் பொதட்டூர்பேட்டைக்காரியைக் கூப்பிட்டோம், அவளும் போட்டாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “தாளெல்லாம் இப்ப செல்லாதும்மா, நான் டிக் அடிச்சாலும் கேட்டுக்குத் தெரியாது” என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. போகாதே என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் தைரியமில்லை. “இன்னாடி மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? பரீட்ச உனக்கா எனக்கா?” என்றாள். போனாள், எழுதினாள்.

மறுநாள் காலை ஷிப்டு மாறும்போது கேட்டில் பார்த்தேன். நான் உள்ளே போகிறேன், அவள் வெளியே வருகிறாள். கண் சிவந்திருந்தது, அது தூக்கம் இல்லாததால்.

“உட்டாங்களாக்கா?”

“எங்க உட்டான்? செவப்பு. அர மணி நேரம் வெளியவே நின்னுக்கினு இருந்தேன். அப்பறம் ஒயர் கட்டுற போர்டுல ஆளில்லாம லைன் நின்னுபோச்சி. சூப்பர்வைசரே ஓடியாந்து நோட்டுல பேரெழுதிக் கூட்டிக்கினு போனாரு.”

“ஆப்புல?”

“ஆப்புல நான் வரவே இல்லியாம். ராவெல்லாம் ஒயர் கட்னது என் பேயி.”

பொதட்டூர்பேட்டைக்காரி காலையில் செய்த ஷிப்டும் அப்படியே. வந்தவர்கள் ரெண்டு பேர், ஆப்பில் வராதவர்கள் ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சிவப்பு விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் பேர் போய்விடும்.

“வரலாறு எப்டிக்கா எழுதின?”

“கேட்டதெல்லாம் எழுதினேன். கேக்காததையும் எழுதினேன். நீ போய் நாஷ்டா துன்னு, மூஞ்சியப் பாரு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் நாஷ்டாவுக்குப் போகவில்லை. பெரிய வெள்ளி வருகிறது. பஸ்ஸில் பாதிப் பேருக்கு மாத்து வேண்டும். அந்தப் பாதியில் பாதிப் பேர் போனில் ஆப் ஓடாது. கேன்டீன் ஓரத்தில் உட்கார்ந்து என் பழைய பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது, என்னுடைய அந்த ஒரு வரியும். சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவதற்குத் தோதாக, அன்றன்றைய மாத்தை ஒரே தாளில் அச்சடிக்கிற மாதிரி ஒரு பொத்தான் சேர்த்தேன். கேட்டுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், லைனுக்குத் தெரிந்தால் போதும். ஆள் இல்லாமல் லைன் நிற்கும் என்பதை அக்கா ஒரு ராத்திரியில் காட்டிவிட்டாள்.

பழைய லிங்க் திரும்ப வருகிறது என்று பஸ் குரூப்பில் எழுதினேன். சாயங்காலமே ஹெச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. அதிகாரபூர்வமற்ற பக்கத்தை உடனே நீக்கவும் என்று. நீக்கவேண்டியது ஒன்று இருந்தது உண்மைதான். பஸ்ஸில் உட்கார்ந்து, பெரியபாளையத்துக்கு முன்னால் டவர் இருக்கும்போதே, “இனி ஆப்பில் மட்டும்” என்பதை நீக்கினேன்.