என் கல்யாணம் முடியும்வரை

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் குடும்ப டாக்டர் அண்ணியைப் பரிசோதித்தபோது நானும் கூடப் போயிருந்தேன். மார்பில் ஒரு கட்டி. அண்ணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் அண்ணனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்.

"கேன்சரா இருக்கலாம். இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாம் எழுதியிருக்கேன்."

என் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணி சமையலறையில் இருந்தபோது அண்ணன் கடிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டினான்.

"இப்ப வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க? கல்யாணம் முடியட்டும். அவகிட்ட வாயத் திறக்காத."

"சரிண்ணா" என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம் அது.

அண்ணியிடம் சாதாரணக் கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்தோம். ஸ்டேஷன் வாசலில் எதிர்ப்பட்ட டாக்டர், "போனீங்களா?" என்று கேட்டதற்கு, "போய்ட்டு வந்தோம் டாக்டர், டெஸ்ட் எடுத்திருக்காங்க" என்று அண்ணன் கூசாமல் சொன்னான்.

முகூர்த்தத்தன்று எனக்கு ஜடை பின்னியது அண்ணிதான். "கையைத் தூக்கவே முடியலடி" என்றாள். நான் கண்ணாடியில் நெற்றிச்சுட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவீடு முடிந்த பிறகு மூன்று பேரும் மின்சார ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் கடிதத்தைப் பிரித்து, மேலே இருந்த தேதியைப் பார்த்தார்.

"ஒன்றரை மாசம் ஆச்சே. ஏம்மா வரல?"

"லெட்டரா? எனக்குத் தெரியாதே சார்."

அண்ணி அண்ணன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அக்குள்வரை பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று அண்ணி கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து குடும்ப டாக்டருக்கு விவரமாக எழுதி அனுப்பினார்கள். அண்ணன் பொய் சொன்னது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. க்ளினிக்குக்குத் தனியாக நடந்து வந்த அண்ணிக்குத் தினமும் தானே கட்டு மாற்றினார்.

நான் ஊரப்பாக்கத்தில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து பார்க்க வரும்போதெல்லாம் அண்ணி காபி கொடுப்பாள், பேச மாட்டாள். இரண்டாவது வருஷம் இறந்துபோனாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அண்ணன், "லோக்கல் டாக்டர் லேட்டா அனுப்பிட்டாரு. இல்லேன்னா காப்பாத்தியிருக்கலாம்" என்றான். அந்த டாக்டர் மாலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவர் மாலையைப் போட்டுவிட்டு, க்ளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று கிளம்பினார்.