ஐந்தைந்தாக எண்ணியவள்

ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைத் தரையில் கொட்டினால், மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார்கள். நடுவில் யாராவது தும்மினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்த அந்தப் பெண் மட்டும் ஐந்தைந்தாக ஒதுக்கி, குவியல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சும் ரெண்டும், டீச்சர்" என்பாள். எண்பதுகளின் நடுவில், அரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட்டமாகச் சேர்த்து எண்ணக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாட்டுக்கு அவள்தான் பலன் என்று பூரித்துப்போயிருந்தேன்.

அந்தப் பூரிப்பில்தான் ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். "உங்க பொண்ணு எத்தனை குடுத்தாலும் தப்பில்லாம எண்ணுதுங்க." மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த மனிதர் அவர். "நெசமாவாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. தோப்புக்குத் தேடிப் போனேன். காய்க்குவியலின் முன்னால் குந்தியிருந்தாள். "டீச்சர், நீங்க சொல்லித் தந்த மாதிரியேதான் எண்ணறேன்" என்று சிரித்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவள் அப்பா முந்திக்கொண்டார்.

"யேவாரி ஆளுங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே எண்ணுவாங்க. நான் கணக்கை வுட்டுருவேனுங்க. இவ நின்னா ஒரு காய் கூடப் போவாது. நீங்க சொல்லித்தானுங்களே எனக்குத் தெரிஞ்சுது! சீசன் முடிஞ்சதும் அனுப்பறனுங்க."

அவர் குரலில் இருந்தது நன்றிதான். என் பையில் காய்களை அள்ளிப் போட்டார். அவற்றைச் சுமந்துகொண்டு பள்ளிக்குத் திரும்பினேன்.

சொன்னபடி அனுப்பினார். அதற்குள் வகுப்பு பெருக்கலுக்குப் போயிருந்தது. கடைசி வரிசையில் மிரண்டு உட்கார்ந்திருந்தாள். புளி உலுக்கும் காலம் வந்ததும் கூடைகளை எண்ணப் போய், பள்ளியிலிருந்து மறுபடியும் நின்றுவிட்டாள். இந்தத் தடவை நான் தேடிப் போகவில்லை. போயிருந்தாலும் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்? அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் பெற்றவர்கள் எதிரில் நான் மெச்சியதில்லை. அதனால் யாருக்கு என்ன நன்மை வந்ததென்றும் தெரியவில்லை.

பல வருடங்களுக்குப் பின் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாகத் திரும்பினேன். அவள் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், வெளியே வண்டியருகில் நின்ற புருஷனை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், இவளும் சுருக்கா எண்ணிருவாளுங்க. இவ அப்பா கேட்டா மட்டும், சுமாருன்னு சொல்லிருங்க."

சரி என்றேன்.