மல்லியைத் திருத்த செஞ்சிக்குப் போன நாள்

எங்கள் குதிரை மல்லி என் கணவர் குமரனின் தோளைக் கடித்துவிட்டது. ஒரே மாதத்தில் மூன்றாவது கடி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சின்னத் தோட்டம் எங்களுக்கு. எட்டு வயது மகள் நாள் முழுக்க மல்லியின் காலடியில்தான் விளையாடுவாள். "விக்கணும், இல்லன்னா திருத்தணும்" என்று மாமியார் சொல்லிவிட்டார். செஞ்சியில் முரட்டுக் குதிரைகளை அடக்கித் தரும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன தை மாதம் கிளம்பினோம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். மினி லாரிக்குப் போகவர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினோம். காலை ஆறரைக்குக் கிளம்பி, வேகத்தடைகளில் ஊர்ந்து, எட்டு மணிக்கு வல்லம் தாண்டினோம். குமரன் அடிக்கடி பின்னால் திரும்பி மல்லியைப் பார்த்துக்கொண்டே வந்தார். குட்டியிலிருந்து அவர் கையால் வளர்த்த குதிரை.

செஞ்சிக்கு வெளியே, வேர்க்கடலைக் காட்டை ஒட்டி இருந்தது பயிற்சியாளர் ஏழுமலையின் கொட்டகை. மல்லியை வண்டியிலேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் இறங்கினோம். சுவரில் சாட்டைகள் தொங்கின. ஒரு கடிவாளத்தை எடுத்துக் காட்டினார். வாய்க்குள் போகும் இரும்பில் வரிசையாக முட்கள்.

"இதப் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தா போதும். அதுக்கும் அடங்கலன்னா கரண்ட் குச்சி இருக்குது. பத்து நாளு உட்டுட்டுப் போங்க, பூனையாட்டம் திருப்பித் தரேன்."

"நீங்க பழக்கின குதிர ஒண்ணு பாக்கலாமா?" என்று கேட்டேன்.

கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை ஒன்றை அவிழ்த்து வந்தார். அது சிலைபோல நின்றது. உதட்டோரத்தில் பழைய தழும்புகள். வெயிலுக்கு ஏழுமலை நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். குதிரையின் தொடை வெடவெடவென்று ஆடியது; நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது.

குமரன் அந்த ஈர மண்ணைப் பார்த்தார். "வேணாங்க. நாங்க கிளம்பறோம்."

ஏழுமலைக்குக் கோபம் இல்லை. "எனக்கு இப்டிதான் கத்துக் குடுத்தாங்க. நாளைக்கு உங்க பொண்ணக் கடிச்சா இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

வண்டியில் ஏறியதும், "இவ்ளோ தூரம் வந்துட்டோம். டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டுப் போலாங்க" என்றேன். டவுனுக்குள் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு வண்டியை விட்டோம். இளவயது மருத்துவர், ஒரு பெண். மல்லியைத் தொடும் முன் கேள்வியாகக் கேட்டார்.

"எப்ப கடிக்குது?"

"கடிவாளம் போடறப்ப" என்றார் குமரன்.

"மூணு தடவையும்?"

குமரன் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மருத்துவர் மயக்க ஊசி போட்டு, மல்லியின் வாயைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் விளிம்பு கத்திபோல வளர்ந்திருந்தது. கன்னத்தின் உட்புறம் முழுக்கப் புண். இரும்பு உள்ளே போகும்போதெல்லாம் அந்தப் புண்ணில்தான் இடித்திருக்கிறது. இந்த வாயில்தான் முள் கடிவாளம் மாட்ட இருந்தோம். நீளமான அரத்தால் பல்லைத் தேய்த்துச் சமப்படுத்தினார். இரண்டு வாரத்துக்குக் கடிவாளமே கூடாது, கயிறு மட்டும் என்றார்.

மயக்கம் தெளியும்வரை குமரன் கூடவே இருந்தார். நான் கோட்டைக்குப் போய் வந்தேன். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி மலை உச்சிக்கு ஏறத் தெம்பில்லை. கல்யாண மகாலின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். பல நாளுக்குப் பிறகு மூச்சு நிதானமாக வந்தது.

இரண்டு வாரம் கழித்துக் குமரன் கடிவாளத்தை எடுத்தார். மல்லி கடிக்கப் போகிறவள்போலக் காதைப் பின்னுக்கு மடித்தாள். அவர் அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் காது முன்னால் வந்தது. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். குமரன் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

குதிரையை ஏற்றிப் போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிளம்புங்கள், வண்டித் தரையில் வைக்கோல் கனமாகப் போடுங்கள், குடிநீர் கையில் இருக்கட்டும். எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் அதற்கு முன்பே வாய், முதுகு, குளம்பு மூன்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கடிக்கும் பழக்கம் மல்லிக்கு முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். புது ஆளைக் கண்டால் இன்னமும் காது மடியும். எங்கள் தோட்டத்துக்கு வந்தால் உடனே கையை நீட்டாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள், அவளே வந்து முகர்ந்து பார்ப்பாள்.