ஒரு பதிவை அழிக்கப் போய்

உத்தரகோசமங்கை பக்கம் நாங்கள் குண்டு மிளகாய் போடுகிறோம். என் மனைவி செல்வி ஐந்து வருடமாக வலைப்பூ எழுதிவந்தாள். கண்மாய்த் தண்ணீருக்காக நான் அண்ணனோடு சண்டை போட்டதையும் ஒருநாள் எழுதிவிட்டாள்.

"நம்ம வீட்டுச் சங்கதிய ஊருக்கெல்லாம் சொல்லுவியா?" என்று கத்தினேன்.

அவள் களையெடுக்கப் போனதும் அந்தப் பதிவை மட்டும் அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது, சரியென்று அமுக்கினேன். வலைப்பூ மொத்தமும் போய்விட்டது. நகலும் கிடையாது.

வயலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு, "எழுதுனதுதானங்க போச்சு? எழுதுறவ இங்கனதான இருக்கேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே புது வலைப்பூ தொடங்கினாள். முதல் பதிவு அதே தண்ணீர்ச் சண்டைதான், முன்னைவிட நீளமாக. நான் அழித்த கதையும் அதில் இருந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது. அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அவள் எழுதியது பிடிக்காவிட்டால் என் பெயரைப் போட்டே மறுமொழியில் சண்டை பிடிக்கிறேன். பதிவுகளைப் பென் டிரைவில் நகலெடுத்து வைப்பதும் என் வேலைதான். என்னைத் திட்டியவற்றை முதலில் நகலெடுத்துவிடுகிறேன்.