கப்பல் ஆபீசருக்குக் கேட் வேலை

தூத்துக்குடியில் எங்கள் கண்டெய்னர் யார்டின் கேட்டில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. லாரி உள்ளே வரும்போது கண்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எங்கெங்கே நசுங்கல் என்று சீட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான், பிளஸ் டூ போதும். அந்த வேலைக்குச் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்த ஒருவர் ரெஸ்யூம் அனுப்பியிருந்தார்.

பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தேன். போன தடவை ஆள் எடுத்தவனும் நான்தான். எம்.இ. முடித்த ஒருத்தனை "செம டேலன்ட்" என்று பீற்றிச் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போனவன், மறுநாள் பெங்களூரிலிருந்து மெசேஜ் போட்டான். யார்டு ஓனர் அண்ணாச்சி கத்தவே இல்லை. அதுதான் பயம்.

"ஏலே, இந்தத் தடவையும் நீயே ஆள் எடு. அவனும் ஓடுனாம்னா, அவங்கூடவே நீயும் பையத் தூக்கிட்டுக் கெளம்பிரு."

பி.காம். முடித்து இரண்டு வருஷம் வெட்டியாக இருந்த பிறகு கிடைத்த வேலை இது. என் சம்பளத்தை நம்பித்தான் தங்கச்சி காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

கப்பல்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும், மணப்பாட்டுக்காரர். என்னைப் போய் "சார்" என்றார். டீக்கடையில்கூட என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, கப்பல் ஓட்டுனவரு இங்கன லாரி பின்னால ஓடணும், தெரியும்லா?"

"தெரியும் சார்."

"எப்ப ஜாயினிங்?"

எங்கள் கடற்கரையில் கப்பல்காரர் கரையில் தென்பட்டால் சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த கப்பலில் எப்போது ஏறப்போகிறாய் என்று இதைத்தான் கேட்பார்கள். ஊருக்கு வருவார்கள், வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், நாலாவது மாசம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனி கூப்பிட்டால் மறுநாள் ஆளைக் காணாது.

"ஜாயினிங் கெடையாது சார். இனி கரைதான்."

"ஏன்?"

"சொந்தக் காரணம்."

நம்புவதா? வேறு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மூவரையும் ஒரு கண்டெய்னர் முன்னால் நிறுத்தி நம்பரைப் படிக்கச் சொன்னேன். ஒருத்தன் கண்டெய்னர் நம்பரில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டான். இன்னொருத்தன் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு லீவு உண்டா என்றான். இவரோ நின்ற இடத்திலிருந்தே நம்பரைப் படித்துவிட்டு, கதவின் கீழ்க் கீலில் புது வெல்டிங் இருப்பதைக் காட்டினார்; சீலை உடைக்காமல் கதவைத் திறக்க அதுதான் வழியாம். நான் அன்றுவரை குனிந்துகூடப் பார்க்காத இடம். இவரை விட முடியாது. ஆனால் ஓடிவிட்டால்?

ரெஸ்யூமில் வீட்டுப் போன் நம்பர் இருந்தது. அவர் போன பிறகு அடித்தேன். அப்பா எடுத்தார்.

"ஆபீஸ்லேர்ந்து பேசுதோம். உங்க மகனப் பத்தி ஒரு விசாரிப்பு."

"கம்பெனியா? எப்ப தம்பி ஜாயினிங்? அவன் மும்பைல கோர்ஸ் படிக்கான்லா, அவன் செல் நம்பர் தரட்டா?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள், மும்பையிலா? "சீக்கிரம் சொல்லுதோம்" என்று உளறிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை யார்டு திறக்கும்போதே அவர் நின்றார். "சார்" போயிருந்தது.

"ஏலே தம்பி, எங்கப்பாட்ட என்னல சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியேண்ணே..."

"பரண்லேர்ந்து சூட்கேஸ எறக்கித் தொடச்சு வச்சிட்டாரு. கோயில்ல பூசைக்கும் சொல்லியாச்சு. மவனுக்குக் கம்பெனிலேர்ந்து கால் வந்துட்டுன்னு தெரு முழுக்கப் பேச்சு."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எனக்குச் சுகருல. ஊசி போடுற அளவுக்கு. மெடிக்கல்ல கப்பலுக்கு ஆவாதுன்னுட்டான். ஆறு மாசமா இங்கன ரூம் எடுத்துக் கெடக்கேன். ஒரு வேல கெடச்சப்பெறவு வீட்ல சொல்லலாம்னு இருந்தேன்."

சத்தியமாக, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இந்த ஆள் ஓட மாட்டார். அப்புறம்தான் காது சுட்டது.

"வேல உங்களுக்குத்தாம்ணே."

"எங்கிட்ட ஏன் சொல்லுத? எங்கப்பாட்ட சொல்லு. நீதான கெளப்பிவிட்ட."

அவரே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் பக்கம் நீட்டினார். நேற்றுப் பேசியவன் நான்தான், இது கப்பல் கம்பெனி இல்லை, தூத்துக்குடி யார்டு, மகன் இங்கேதான் இருக்கிறார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சுகர் விஷயத்தை அவரே சொன்னார். செமத்தியாக ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"தம்பி, மத்தியானம் எத்தன மணிக்குச் சோத்துக்கு விடுவீங்க?"

"ஒரு மணிக்கு."

"பிந்தாதுல்லா? ஊசி போட்டா பிந்தக் கூடாது."

"பிந்தாதுங்க."

பச்சைப் பொய். கப்பல் வந்த நாளில் கேட்டில் நிற்பவன் நாலு மணிக்குச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம். அண்ணாச்சியிடம், "இவரு ஓட மாட்டாரு" என்று மட்டும் சொன்னேன். ஊசியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை; சொன்னால் வேறு ஆளைப் பார் என்பார்.

திங்கட்கிழமை சேர்ந்தார். அன்றைக்கே கப்பல் வந்து தொலைத்தது. ஒரு மணிக்கு ரோடு வரை லாரி வரிசை. அவர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. வெயிலா, சுகர் இறங்குகிறதா, எனக்கு என்ன தெரியும்? ஓடிப்போய் அவர் கையிலிருந்து சீட்டுப் புத்தகத்தைப் பிடுங்கினேன்.

"போயி சாப்பிடுங்கண்ணே."

"ஒனக்குக் கீல் பாக்கத் தெரியுமால?"

"போங்கண்ணே, பாத்துக்கிடுதேன்."

அவர் வாட்ச்மேன் அறைக்குள் போனார். முதல் லாரி டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னல, ஆபீசர மாத்தியாச்சா?" ஹாரன்கள் அலறின. முதல் நம்பரையே தப்பாக எழுதி அடித்தேன். வரிசைக்குப் பின்னால் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. ஆபீசில் இருக்க வேண்டியவன் கேட்டில் ஏன் நிற்கிறேன் என்று கேட்பார். அந்தப் பதிலைத் தேடிக்கொண்டே, குனிந்து, கீலைப் பார்த்தேன்.