மதினியின் சாக்கு

நாலாக மடித்த ஒரு சணல் சாக்கு. அதன் ஓரத்தைத் தூக்கியதும் முகத்தில் அடித்த ஆவி. நீங்கள் புத்தகத்தில் கோள்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, பிள்ளைகளா.

சாக்கு என் மதினியுடையது. அண்ணன் மனைவி. பல வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தபின், கோவில்பட்டியில் ஒரு தகரக் கொட்டகை பிடித்துக் கடலைமிட்டாய் போட ஆரம்பித்தார். முதல் பெரிய ஆர்டர் கழுகுமலைக் கல்யாண வீட்டுக்கு. சாயங்காலம் வண்டி வந்துவிடும். "இது கெட்டுச்சுன்னா திரும்பத் தீப்பெட்டி ஆபீசுதான் தம்பி" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ஐப்பசி மழை வேறு.

வெல்லப் பாகில் கடலையைக் கிளறி மூன்று பலகைகளில் ஊற்றினோம். ஒன்று அடுப்போரம், ஒன்று நடுவில், ஒன்று வாசலருகே. நடுப் பலகைக்கு மேலே தகரம் ஒழுகியது. சொட்டு விழாமலிருக்க மதினி சாக்கை மடித்து அதன்மேல் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டிலிருந்து போன். பேச்சு நீண்டது. மிட்டாய் சூடு தணிந்தும் தணியாமலும் இருக்கும்போதே வில்லைகளாக வெட்ட வேண்டும்; அந்தப் பதம் போய்விட்டால் அவ்வளவுதான்.

மதினி ஓடிவந்து கத்தியை வைத்தார். வாசல் பலகை கல்லாகி நொறுங்கியது. அடுப்போரத்தில் தீயைப் பார்த்த பக்கம் கத்தியில் ஒட்டியது, மறுபக்கம் விறைத்துவிட்டது. நடுவில் உள்ளதாவது பதமாக இருக்கும் என்று சாக்கைத் தூக்கினால், அப்போதுதான் ஊற்றியது மாதிரி தளதளவென்று கிடந்தது.

"அடுப்புக்குப் பக்கத்துல உள்ளதவிட இதுல்லா கொதிக்குது! சாக்குக்குள்ள தீயை ஒளிச்சு வச்சுட்டு என் மூஞ்சியவா பாக்குதீங்க, கொழுந்தனாரே?"

திட்டிக்கொண்டே கையில் அரிசி மாவைத் தொட்டு, அந்தச் சூட்டோடு உருண்டை பிடிக்க ஆரம்பித்தார். நானும் பிடித்தேன், கை வெந்தது. மற்ற இரண்டையும் உடைத்து, திரும்ப இளக்கி, அதையும் உருட்டினோம்.

சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் மாமா வண்டியோடு வந்தார். "வில்லை கேட்டா உருண்டை குடுக்கீங்களே?"

"ஒண்ணை வாயில போட்டுட்டுப் பேசுங்க, அண்ணாச்சி."

போட்டார். பிறகு அவரால் பேச முடியவில்லை. மென்றுகொண்டே, வண்டியில் ஏற்றும்படி கையைக் காட்டினார்.

போன வருடம் மகள் கேட்டாள்: "எந்தக் கோள் ரொம்பச் சூடுப்பா?" சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன் என்றேன். இல்லை, வெள்ளி என்றாள். "அது ரெண்டாவதுல்லா இருக்கு?" என்று கேட்டு முடிப்பதற்குள் சாக்கு ஞாபகம் வந்துவிட்டது. புதனுக்குப் போர்வை என்று சொல்லும்படி காற்றே கிடையாது. வெயில் படும் பக்கம் எரியும், இரவுப் பக்கம் உறையும். வெள்ளியைக் கரியமில வாயு கனமாகப் போர்த்தியிருக்கிறது. சூரியன் கிட்டத்தில் இருந்ததால், முன்பு அங்கே தண்ணீர் இருந்திருந்தாலும் ஆவியாகி, சூடு மேலும் ஏறி, அந்தப் போர்வை இன்னும் கனத்திருக்கும் என்கிறார்கள். செவ்வாய் நம் வாசல் பலகை. தூரமும் அதிகம், உருவமும் சிறிது. இருந்த காற்றில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. வெகு தூரக் குளிரில் உருவான வியாழனோ பனியையும் வாயுவையும் வாரிச் சேர்த்துப் பெருத்துவிட்டது. நம் பூமிக்கு இடமும் வாய்த்தது, மெல்லிய துணி மாதிரி ஒரு காற்றும் வாய்த்தது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. பதம் என்றால் இதுதான்.

இப்போது மதினியின் மிட்டாய்ப் பட்டறைக்குக் கான்கிரீட் கூரை, ஒழுகுவதில்லை. ஆனாலும் நடுப் பலகைமேல் சாக்கு இருக்கிறது. உருண்டை கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் மகள் அதன் ஓரத்தைத் தூக்கி, ஆவியில் முகத்தைக் காட்டி, "பெரியம்மா, இதுதான் வெள்ளி!" என்றாள்.

"ஏட்டி, எதா வேணும்னாலும் இருக்கட்டும். சாக்கை மூடு, ஆறிப்போவும்."