மாலையிலும் மூடாத செவ்வரத்தை

மாலை ஐந்து ஐம்பது. என் மனைவி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தோளில் இருந்த பையை இறக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. முதலில் அவள் பார்த்தது வேலியோரம் இருந்த பூச்சாடிகளை. அன்று காலை விரிந்த, செம்பருத்தி என்றும் சிலர் சொல்லும் செவ்வரத்தைகள் எல்லாம் ஈரத் துணியைப் பிழிந்து வைத்ததுபோல முறுக்கிக்கொண்டு தொங்கின.

"எத்தன மணிக்கு மூடுச்சு?"

"மூணரைக்குத் தொடங்கிச்சு. அஞ்சுக்கு முழுசா மூடிருச்சு."

"கடைசியா மூடினது எது?"

"மூலைச் சாடி."

அதன் பிறகுதான் பையை இறக்கினாள்.

நாங்கள் அப்போது கண்டியில், ஹந்தானை மலை அடிவாரத்துச் சரிவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டிச் செய்திகளை எழுதி அனுப்புகிறவன். பாதி நாள் வீட்டில்தான் இருப்பேன். அவளுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. ஆறு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் ரயிலைப் பிடிக்கலாம். செவ்வரத்தை விரிய ஏழு மணியாவது ஆகும். அவள் திரும்பி வரும்போது மூடிவிடும். அவளே நட்டு, அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளின் பூக்களை சனி, ஞாயிறு தவிர வேறு நாளில் அவள் கண்டதில்லை.

"வளக்குறது நான், பாக்குறது நீங்க" என்று ஒருநாள் சொன்னாள். அதில் சிரிப்பு இல்லை.

மாலையில் வீட்டுக்கு வரும்போதும் விரிந்திருக்கும் ஒரு செவ்வரத்தையைத் தானே உண்டாக்குவது என்று அவள் முடிவுசெய்ததற்கு நானும் ஒரு காரணம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்ததைப் பற்றி எழுதப் போயிருந்தேன். திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது மணி ஆறு. தொழிலாளர் குடியிருந்த லயத்து வேலியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் செவ்வரத்தை. பூக்கள் விரிந்தே இருந்தன. ஒரு கொப்பை முறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். செய்தி மூன்று பந்தியாகச் சுருங்கி வெளியானது. கொப்பு வேர்விட்டது.

"குளிருக்கு விரிஞ்சு நின்னிருக்கும்" என்றாள் அவள்.

அது சரிதான். கண்டியில் பூத்தபோது அதுவும் மூடியது. ஆனால் மற்றவற்றைவிட அரை மணித்தியாலம் பிந்தி மூடியது. அந்த அரை மணித்தியாலத்தை அவள் பிடித்துக்கொண்டாள். டவுனில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் வீட்டு வாசலில், தடித்த இதழ்களோடு ஒரு சிவப்புச் செவ்வரத்தை நின்றது. ஒரு கொப்புத் தர முடியுமா என்று கேட்டாள்.

"கொப்பென்ன தங்கச்சி, மரத்தையே தூக்கிட்டுப் போங்க" என்றார் அவர். "பூக் கூட்டிக் கூட்டி வீட்டுல ஒவ்வொரு நாளும் எனக்குத்தான் ஏச்சு."

இரண்டையும் சேர்ப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. செவ்வரத்தையின் நடுவில் நீளுகிற தண்டைச் சுற்றி மஞ்சள் தூள் இருக்கும். நுனியில் ஐந்து சிறிய பொட்டுகள் இருக்கும். ரோஸ் பூவின் தூளை, அது வெடித்து உதிர்வதற்கு முன்பே, புருவம் பிடுங்குகிற சிறு இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுவாள். பிறகு சிவப்புப் பூவைப் பறித்து வந்து, அதன் தூளை அந்த ஐந்து பொட்டுகளிலும் தொட்டுவைப்பாள். பெரும்பாலும் காய் பிடிக்காது. பிடித்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உதிர்ந்த காயை அவள் நகத்தால் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு எறிவாள். கடைசியில் இரண்டு காய்கள் காய்ந்து வெடித்தன. மழையில் அழுகியதும் நத்தை தின்றதும் போக ஆறு கன்றுகள் மிஞ்சின. அவை பூக்க ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடத்தில் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்த நேரம் குறைவு. சோறு வேகும்போது வாசலுக்குப் போவாள். பாதித் தலை பின்னியபடி போவாள். மொட்டுவிடும் காலம் வந்ததும், கந்தோரிலிருந்து எங்கள் சந்திக் கடைக்கு டெலிபோன் எடுக்கத் தொடங்கினாள். தெருவில் அங்கு மட்டும்தான் போன் இருந்தது. கடைக்காரர் கல்லாவிலிருந்தே என் பேரைச் சொல்லிக் கத்துவார். நான் ஓடிப்போனால், "இப்ப எப்படி இருக்கு?" என்பாள். "இன்னும் மூடல." "ஓரம் சுருண்டிருக்கா?" "இல்ல." வைத்துவிடுவாள்.

மூன்றாவது நாள் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, வீட்டுல யாருக்கும் சுகமில்லையா, கடுமையா?"

ஐந்து கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. ஐந்தும் ஐந்து மணிக்குள் மூடின. ஆறாவது கன்று தாமதித்தது. அதன் மொட்டு விரல் தடிப்பில் இருந்தது. அது விரிந்த நாள் முழுக்க மழை. மாலை அவள் நனைந்துகொண்டு வந்தாள். பூ விரிந்திருந்தது.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "மழைக்கு எந்தப் பூவும் கொஞ்சம் பிந்தித்தான் மூடும்" என்றாள். பிறகு அடுத்த மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது மறுநாள் விரியும்போல இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எது நேற்றைய பூ, எது இன்றையது என்று குழம்பிவிடும். தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து வந்து, விரிந்த பூவின் காம்பில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் விடியுமுன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். பூவும் இல்லை, நூலும் இல்லை. காம்பு கிள்ளிய இடம் ஈரமாக இருந்தது.

எங்கள் தெருவில் வேலிப் பூவைக் கோயிலுக்குப் பறிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். மேல் வீட்டு அக்கா தினமும் விடியுமுன் ஒரு பனையோலைக் கூடையோடு இறங்கி, வேலி வேலியாகப் பறித்துக்கொண்டு கீழே அம்மன் கோயிலுக்குப் போவார். அன்று நாங்கள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கியபோது அவர் வெறுங் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். நெற்றியில் புதுக் குங்குமம்.

"தங்கச்சி, ஒங்க காரியத்தத்தான் முடிச்சிட்டு வர்றேன்."

"என்ன காரியம்க்கா?"

"செவப்பு நூல் கட்டியிருந்தீங்கள்ல? ஒங்களுக்கு ஏது நேரம், விடிஞ்சா ரயிலுக்கு ஓடுறீங்க. அதான் நானே கொண்டுபோயி அம்மன் காலடியில வச்சிட்டேன். அர்ச்சனையும் பண்ணச் சொன்னேன். ஒங்க நட்சத்திரம் தெரியல, சாமி பேருக்கே பண்ணியாச்சு. டிரான்ஸ்பர் வருதா இல்லையா பாருங்க."

மனைவி கண்டிக்கு இடமாற்றம் கேட்டு எழுதியிருந்தது தெரு முழுக்கத் தெரியும். செடியில் நூல் கட்டினால் அது நேர்த்திதான் என்பதும் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அக்கா இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

நான் கேட்டேன்: "அக்கா, நீங்க பறிச்சப்ப பூ விரிஞ்சிருந்துச்சா?"

"பின்ன?"

"இந்த நேரத்துல நீங்க மொட்டுத்தானே பறிப்பீங்க?"

"அது கோயில்ல போயி விரியும் தம்பி. இது விரிஞ்சே இருந்துச்சு. இருட்டுல இது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு."

"முழுசாவா, பாதியாவா?"

"என்ன தம்பி, பேப்பர்ல போடப் போறீங்களா?"

எனக்கு அது போதுமான சாட்சி. மற்ற மொட்டுகள் விரிய இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்த வேளையில் அது விரிந்து நின்றிருக்கிறது. அப்படியென்றால் அது நேற்று விரிந்து இரவெல்லாம் மூடாமல் இருந்த பூ. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சரிவில் இறங்கிப் போனாள், கோயிலுக்கு. பூசைக்குப் பிறகு அம்மனின் பாதத்தில் பூக்கள் குவிந்து கிடந்திருக்கின்றன. மேலே மல்லிகைச் சரம். வெளியில் நின்று எட்டிப் பார்த்ததில் சிவப்பு நூலின் ஒரு நுனி மட்டும் தெரிந்ததாம். ரயிலைத் தவறவிட்டாள். பிந்திப் போனதால் அன்று கந்தோர் வரவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது.

மாலையில் மேல் வீட்டு அக்கா கேட்டடியில் நின்றார். காலையில் தான் ஏதோ பிழையாகச் செய்துவிட்டோம் என்பது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "ஏன் தங்கச்சி, நான் எடுத்துட்டுப் போனது கூடாதா?"

"அப்படி இல்லக்கா" என்றாள் மனைவி. "நேர்த்தி இன்னும் முடியல. ஒம்பது பூ வைக்கணும். என் கையாலயே வைக்கணும்."

"அடடா. முன்னாடியே சொல்லக் கூடாதா? இனி அந்தச் சாடிப் பக்கமே யாரையும் வர விடமாட்டேன்."

அவர் போனதும் நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? ஆராய்ச்சின்னு சொன்னா விட்டுவைப்பாங்களா?"

நேர்த்தி என்றதும் விட்டுவைத்தார்கள். அதன் பிறகு அந்தச் சாடியை யாரும் தொடவில்லை. பந்து விளையாடும் பிள்ளைகளைக்கூட அக்கா மேலேயிருந்து அதட்டினார். ஒரு நாள் சாடியின் விளிம்பில் மூன்று இடத்தில் குங்குமம் வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு நாள் காலையில் செடியில் இரண்டு மஞ்சள் நூல்கள். ஒன்று கிளையில், ஒன்று மறுநாள் விரிய இருந்த மொட்டின் காம்பில்.

"என் மகளுக்கும் எடம் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் அக்கா, கொஞ்சம் வெட்கத்தோடு. "ஒங்க செடி சக்தி உள்ள செடி. அதான்."

மொட்டுக் காம்பை நூல் இறுக்கியது. மொட்டு உதிர்ந்தது. மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிறகு வெட்டாமலே உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்று இரவு சாப்பிடும்போது, "ஒருத்தங்க பிள்ளைக்குக் கட்டினத நான் எப்படி அறுக்குறது?" என்றாள். அவ்வளவு நேரமும் அதையேதான் யோசித்திருக்கிறாள்.

நூல் இனி அடையாளத்துக்கு உதவாது. பதிலாக, பூ விரிந்த அன்று இதழின் ஓரத்தில் என்னுடைய போல்பொயின்ற் பேனையால் ஒரு புள்ளி வைப்பது என்று தீர்மானித்தோம். ஆனால் மழை விடவில்லை. இரண்டு மொட்டுகள் மழையில் விரிந்தன. இரண்டும் மாலையில் விரிந்தே இருந்தன, மறுநாள் காலையிலும் விரிந்திருந்தன. அவள் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. "வெயில்ல நிக்கணும்" என்றாள். காலையில் அவள் மேகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். நான் பகலில் எழுத உட்கார்ந்தால் ஒரு பந்திக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போனேன். செய்திகளில் பிழைகள் வந்தன. கொழும்பிலிருந்து உதவி ஆசிரியர் ஒரு தடவை, செத்தவர் பெயரும் இரங்கல் தெரிவித்தவர் பெயரும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்டார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை விடிந்ததுமே வெயில் அடித்தது. ஆறாவது கன்றில் ஒரு மொட்டு விரிந்தது. புள்ளி வைத்தேன். பதினொரு மணிக்கு வாசல் சீமெந்து காலைச் சுட்டது. பகல் செய்தியை டெலிபோனில் சொல்லச் சந்திக் கடைக்குப் போய்விட்டுத் திரும்ப ஓடி வந்தேன். மூன்றரைக்கு மற்றச் சாடிகளில் பூக்கள் சுருளத் தொடங்கின. நாலு மணிக்கு ரோஸ் நிறத் தாய்ச்செடி மூடத் தொடங்கியது. ஹந்தானைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. ஐந்தரைக்கு இந்தப் பூவின் ஐந்து இதழ்களும் தட்டையாக இருந்தன. அன்று அவள் டெலிபோன் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டடியில் போய் நின்றேன்.

அவள் வந்தாள். என்னைக் கடந்து நேரே சாடியிடம் போனாள். குனிந்து, புள்ளி இருந்த இதழைத் தேடிப் பிடித்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் மூடிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடி இதற்கு வந்தாள்.

"மழையே இல்லையா?"

"ஒரு தூறல்கூட இல்ல."

"தண்ணி ஊத்தலையே?"

"இல்ல."

மேல் வீட்டு அக்கா படியில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பலிச்சிருச்சா?"

"பலிச்சிருச்சுக்கா" என்றாள் மனைவி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மனைவி சிரிக்கவில்லை. விரலால் இதழை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பூ, கழுவிக் கழுவி வெளுத்த புடவையின் நிறத்தில் இருந்தது.

"இவ்வளவு மங்கலாவா இருக்கணும்?" என்றாள். "இத இன்னொரு தடவ சிவப்போட சேக்கணும்." அப்படிச் சொல்லிக்கொண்டே நானா தந்த கொப்பில் வளர்ந்த சிவப்புச் செடியில் ஞாயிற்றுக்கிழமைக்கு விரியக்கூடிய மொட்டு எது என்று தேடத் தொடங்கினாள். செருப்பு இன்னும் காலில் இருந்தது.

மறுநாள் விடிய, புறப்படுமுன், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அதன் முன் நின்றாள். புள்ளி வைத்த பூ விரிந்தே இருந்தது. மற்றச் செடிகளில் எல்லாம் மொட்டு. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள்.

பூ காலை பத்து இருபதுக்கு மூடத் தொடங்கியது.